குழுவாகச் செயல்படும் திறனை எப்படி அளப்பது?

மாணவர்களே, உடல் வெப்பத்தை வெப்பமானி காட்டும். உயரத்தை நாடா காட்டும். இரத்த அழுத்தத்தை அளக்க ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு கருவி இருக்கிறது. "இவர் பிறர் சொல்வதைக் கேட்டு நடப்பவர்", "இவர் ஒரு செய்தியை அப்படியே நம்பாமல் ஆராய்பவர்" என்கிறோமே, இவற்றை அளக்க எந்தக் கருவி இருக்கிறது?

இது பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களிடம் இந்தத் திறன்கள் இருக்கின்றனவா என்று பல்கலைக்கழகங்கள் அளந்து பார்க்கின்றன. உங்கள் வகுப்பறை மதிப்பீட்டிலும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள். அளவு தவறினால் திறன் உள்ளவர் பின்தள்ளப்படுவார்; திறன் இல்லாதவர் பொறுப்பில் அமர்வார். ஆகவே திறனை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

எந்தத் திறன்கள்?

21ஆம் நூற்றாண்டுத் திறன்கள் என்றதும் உங்கள் ஆசிரியர்கள் நான்கைச் சொல்லியிருப்பார்கள்: ஆய்ந்து சிந்தித்தல், தெளிவாகத் தொடர்புகொள்ளுதல், கூடிச் செயல்படுதல், புதிதாக ஆக்குதல். இவற்றோடு தானாகக் கற்கும் பழக்கத்தையும் கணினித் தகவலைச் சரிபார்த்துப் பயன்படுத்துவதையும் சேர்ப்பவர்கள் உண்டு.

மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர் ஓர் ஊரையே பார்க்கிறார். குடிநீர், குப்பை, கொசு, தடுப்பூசி, உணவகத் தூய்மை எல்லாம் அவருடைய வேலை. பிறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டை, அடுக்குமாடி வீடுகள், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகள், அங்காடிக் கடைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. அங்கே டிங்கிக் காய்ச்சல் பரவினால், சுகாதாரப் பணியாளர் ஒரே நாளில் தமிழ்ப் பாட்டியிடமும் மலாய்க்காரக் கடைக்காரரிடமும் நேப்பாளத் தொழிலாளியிடமும் பேச வேண்டியிருக்கும். பாடப்புத்தக அறிவு மட்டும் அவருக்குப் போதாது.

பினாங்கில் பிறந்தவர் காட்டிய வழி

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. வூ லியென் தே 1879இல் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃபிரி ஸ்கூலில் படித்து, பிறகு கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். 1910 டிசம்பரில் சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31.

அந்நாளில் கொள்ளைநோய் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்புவது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இந்த நோய் நுரையீரலைத் தாக்கி, இருமலின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்று வூ கண்டறிந்தார். மெல்லிய துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் செய்யச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. கவசம் அணியாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயால் இறந்தார்.

நோயைக் கண்டறிந்ததோடு வூவின் வேலை முடியவில்லை. காவலர்களையும் இராணுவத்தினரையும் இரயில்வே அதிகாரிகளையும் ஒன்றிணைக்க வேண்டியிருந்தது. நோய்த் தொடர்பு உள்ளவர்களைத் தனிமைப்படுத்த இரயில் பெட்டிகளைப் பயன்படுத்தினார்கள். பனியில் உறைந்த தரையில் புதைக்க முடியாமல் கிடந்த ஈராயிரத்திற்கும் மேற்பட்ட உடல்களை எரிப்பதற்குப் பேரரசின் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். அது மக்களின் வழக்கத்திற்கு மாறான செயல். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய் 1911 ஏப்ரலுக்குள் அடங்கியது. நுண்ணோக்கியில் பார்த்ததை மனிதர்களுக்குப் புரியவைத்து, அவர்களைச் செயல்பட வைத்ததால் கிடைத்த வெற்றி இது.

நிப்பா சொல்லும் பாடம்

இன்னொரு எடுத்துக்காட்டு உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். 1998இன் பிற்பகுதியில் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதினார்கள். சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அதற்கு இசைவாக இருந்தது. எனவே கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ நிற்காமல் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

பொருந்தாத சான்றுகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இதுவோ பெரியவர்களை, அதிலும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பண்ணைகளில் பன்றிகளும் இருமி நோயுற்றன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து கிடைத்ததால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. நோய் பன்றிகளிடமிருந்து நேரடியாகத் தொற்றுகிறது என்று தெரிந்ததும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்திருந்தனர்.

"நாம் நம்புவதோடு இந்தச் சான்று பொருந்துகிறதா?" என்று கேட்கும் பழக்கத்தைத்தான் ஆய்ந்து சிந்தித்தல் என்கிறோம். இந்தப் பழக்கம் உள்ளவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? குறைந்த அளவில் உள்ளவர்களுக்குப் பயிற்சி தர முடியுமா? இதற்காகத்தான் அளவு தேவைப்படுகிறது.

முதல் வழி: அவரையே கேட்பது

மிக எளிய கருவி வினாநிரல். "குழுவில் வேலை செய்யும்போது பிறர் கருத்தை மதிக்கிறேன்" என்று ஒரு கூற்று இருக்கும். அதன் எதிரே 1 முதல் 5 வரை எண்கள். 1 என்றால் சற்றும் ஏற்கவில்லை. 5 என்றால் முழுமையாக ஏற்கிறேன். இந்த முறையை 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் வெளியிட்டார். அதனால் இன்றும் லைக்கர்ட் அளவுகோல் என்றே சொல்கிறோம்.

ஒரே ஒரு கூற்றை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். ஒரு திறனுக்கு ஆறு அல்லது எட்டுக் கூற்றுகள் இருக்கும். அவை எல்லாம் ஒரே திறனைத்தான் தொடுகின்றன என்றால், ஒன்றில் உயர்ந்த எண் போட்டவர் மற்றவற்றிலும் ஏறக்குறைய உயர்ந்த எண்ணே போடுவார். இந்த இசைவைக் கணக்கிட 1951இல் லீ குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை விளக்கினார். அது 1ஐ நெருங்க நெருங்க இசைவு கூடுகிறது என்று பொருள். பொதுவாக 0.70 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரே நாளில் ஆயிரம் பேரிடம் கொடுத்து வாங்கலாம் என்பது இம்முறையின் நன்மை. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "கை கழுவுகிறீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? 1996இல் அமெரிக்காவில் தொலைபேசியில் கேட்டபோது, கழிப்பறைக்குப் போனபின் கை கழுவுவதாகப் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சொன்னார்கள். பொதுக் கழிப்பறைகளில் ஆள் நிறுத்திக் கவனித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே கழுவினார்கள்.

எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். நல்லது எது என்று தெரிந்தால் அதைச் செய்வதாகவே நினைத்துக்கொள்வது மனித இயல்பு. அதோடு, ஒரு திறன் குறைவாக இருப்பவருக்குத் தன் குறையைக் காணும் கண்ணும் குறைவாக இருக்கலாம். டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1999இல் எழுதினார்கள். அவர்களுடைய தேர்வுகளில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் உண்மையான இடம், நூறு பேரை வரிசைப்படுத்தினால், கீழிருந்து 12ஆவது. தங்கள் இடம் 62ஆவது என்று அவர்கள் நினைத்தார்கள். இந்த வேறுபாட்டில் எவ்வளவு மனித இயல்பு, எவ்வளவு கணக்கின் விளைவு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் தன்மதிப்பீட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆக, வினாநிரல் பெரிதும் அளப்பது ஒருவரின் தன்னம்பிக்கையை. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுதான். அதைத் திறன் என்று பெயர் மாற்றி எழுதினால்தான் தவறு.

இரண்டாம் வழி: செய்யச் சொல்லிப் பார்ப்பது

1975இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் மருத்துவ மாணவர்களுக்குப் புதிய செய்முறைத் தேர்வு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். பழைய முறையில் மாணவருக்கு எந்த நோயாளி கிடைக்கிறார், எந்தத் தேர்வாளர் வருகிறார் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்தது. புதிய முறையில் வரிசையாகப் பல நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். மணி அடித்ததும் அடுத்த நிலையத்திற்குப் போக வேண்டும். எல்லா மாணவருக்கும் அதே வேலைகள், அதே மதிப்பெண் பட்டியல். இன்று உலகெங்கும் மருத்துவ, தாதியர் கல்லூரிகளில் இம்முறை இருக்கிறது.

பொதுச் சுகாதார மாணவருக்கு இப்படி ஒரு நிலையத்தை நாமே அமைத்துப் பார்க்கலாம். இடம்: பிறையில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒருவர் பாட்டியாக நடிக்கிறார். பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி இருக்கிறது. பாட்டிக்கோ, வீட்டுக்குள் வந்து குற்றம் சொல்கிறார்களே என்று கோபம். மாணவருக்கு ஐந்து நிமிடம்.

ஒரு மாணவர் சொல்கிறார்: "இது ஏடிஸ் இனப்பெருக்கத் தலம். அகற்றாவிட்டால் அபராதம்." இன்னொருவர் சொல்கிறார்: "பாட்டி, செடியெல்லாம் நல்லா வச்சிருக்கீங்க. இந்தத் தட்டுல தண்ணி நிக்குது பாருங்க, குட்டிக் குட்டியா நெளியுதே, அதுதான் கொசுப்புழு. ஒரு வாரம், பத்து நாளுல கொசுவாயிடும். வாரம் ஒரு தடவை கொட்டிட்டுத் தட்டைத் தேய்ச்சுக் கழுவிடுறீங்களா?" இருவரும் சொன்னது அறிவியல்படி சரிதான். யார் போனபிறகு பாட்டி தட்டைக் கழுவுவார்? தொடர்புத்திறன் என்ற சொல்லுக்கு இங்கேதான் கண்ணால் காணத்தக்க பொருள் கிடைக்கிறது.

பார்ப்பவர் இருவராக இருக்கட்டும்

செய்முறையைப் பார்த்து மதிப்பிடுபவரும் மனிதர்தானே! ஒருவர் தாராளமாகப் போடுவார். மற்றவர் கறாராக இருப்பார். அதனால் ஒரே மாணவரை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. பயிற்சிக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

20 மாணவர்களை இரண்டு ஆசிரியர்கள் "தேர்ச்சி" அல்லது "தேர்ச்சி இல்லை" என்று மதிப்பிடுகிறார்கள். 12 பேருக்கு இருவருமே தேர்ச்சி தருகிறார்கள். 4 பேருக்கு இருவருமே தேர்ச்சி இல்லை என்கிறார்கள். 2 பேருக்கு முதல் ஆசிரியர் மட்டும், வேறு 2 பேருக்கு இரண்டாம் ஆசிரியர் மட்டும் தேர்ச்சி தருகிறார்.

ஒத்துப்போனது 16 பேர் விஷயத்தில். 16 ÷ 20 = 0.80. அதாவது 80 விழுக்காடு. நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இருவரும் மாணவரைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் சில இடங்களில் ஒத்துப்போயிருக்குமே!

ஒவ்வோர் ஆசிரியரும் 20இல் 14 பேருக்கு, அதாவது 0.7 பங்கினருக்குத் தேர்ச்சி தந்திருக்கிறார். தற்செயலாக இருவரும் தேர்ச்சி தர வாய்ப்பு 0.7 × 0.7 = 0.49. தற்செயலாக இருவரும் மறுக்க வாய்ப்பு 0.3 × 0.3 = 0.09. இரண்டையும் கூட்டினால் 0.58.

இந்தத் தற்செயலை நீக்கிவிட்டுப் பார்ப்பதற்கு 1960இல் ஜேக்கப் கோஹென் ஒரு வழி சொன்னார். உண்மையில் ஒத்துப்போனதிலிருந்து தற்செயலைக் கழிக்க வேண்டும்: 0.80 – 0.58 = 0.22. முழு இசைவான 1இலிருந்தும் தற்செயலைக் கழிக்க வேண்டும்: 1 – 0.58 = 0.42. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.22 ÷ 0.42 = 0.52. இதற்குக் கப்பா எண் என்று பெயர். 80 விழுக்காடு என்று மின்னிய இசைவு, உண்மையில் நடுத்தர இசைவுதான் என்று இது காட்டுகிறது. அந்த இரு ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசி, எதற்குத் தேர்ச்சி தருவது என்பதை இன்னும் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு

ஒரு தராசு ஒவ்வொரு முறையும் 200 கிராம் கூடுதலாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை முறை நிறுத்தாலும் அதே எண் வரும். இது நம்பகம் உள்ள தராசு. ஆனால் காட்டுவது சரியான எடை இல்லை. திறன் அளவுகோலுக்கும் இந்த இரண்டு சோதனைகள் உண்டு. மறுபடி அளந்தாலும், வேறொருவர் அளந்தாலும் அதே விடை வருகிறதா என்பது நம்பகம். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை.

நம் மாணவர்களுக்கு இந்த இரண்டாவது சோதனை மிக முக்கியம். தொடர்புத்திறனை அளக்கிறோம் என்று சொல்லி, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவருக்கு மட்டும் உயர்ந்த புள்ளி தந்தால், அங்கே அளக்கப்படுவது மொழி. தமிழிலும் மலாயிலும் அருமையாக விளக்கக்கூடிய ஒரு பெண், அந்த அட்டவணையில் திறனற்றவராகத் தெரிவார். பிறை விடுதியில் அவருடைய திறன்தான் அதிகம் தேவைப்படும். அதேபோல், குழுவில் அதிகம் பேசுபவரைத் தலைமைப்பண்பு உள்ளவர் என்று குறித்துவிடுவதும் உண்டு. அமைதியாக இருந்து, மற்றவர் விட்டுவிட்ட ஒரு சான்றைச் சரியான நேரத்தில் எடுத்துச் சொல்பவர் அந்தப் பட்டியலில் காணாமல் போகிறார். நிப்பாவை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவரின் குரல் சில வாரங்கள் முன்னதாகக் கேட்கப்பட்டால் எத்தனை உயிர் தப்பும்!

உலக அளவிலும் இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் பீசா தேர்வில் கூடிச் சிக்கல் தீர்க்கும் திறனை அளந்தார்கள். உடன் இருப்பவர் நல்லவராக அமைந்தால் மதிப்பெண் கூடிவிடுமே என்பதால், கணினியே குழு நண்பர்களாகப் பேசும்படி அமைத்தார்கள். எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரியான நண்பர்கள். நியாயம் கூடியது. ஆனால் கணினியோடு உரையாடுவதும் கோபித்துக்கொள்ளும் உண்மையான நண்பனோடு உரையாடுவதும் ஒன்றா என்ற கேள்வி மிஞ்சியது. ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று நழுவும். அளப்பவர் இதை மறக்கக் கூடாது.

செய்து பார்ப்போம்

ஐந்து பேர் கொண்ட குழுவாகச் சேருங்கள். மூவர் உங்கள் பள்ளி வளாகத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களை 20 நிமிடம் தேடிக் குறிக்கட்டும்: பூந்தொட்டித் தட்டு, அடைத்த கால்வாய், எறிந்த பாத்திரம், கூரைத் தாழ்வாரம். இருவர் பார்வையாளர்களாக இருந்து, ஒருவர் மற்றவரின் தாளைப் பார்க்காமல், "கண்டதைக் குழுவோடு பகிர்தல்" என்ற ஒரே திறனை மட்டும் கீழ்க்கண்ட நிலைகளால் குறிக்கட்டும்.

நிலை 1: தான் கண்டதைக் குழுவிடம் சொல்லவில்லை.
நிலை 2: கேட்டால் மட்டும் சொல்கிறார்.
நிலை 3: கேட்காமலே தானாகச் சொல்கிறார்.
நிலை 4: தானாகச் சொல்கிறார், பிறர் கண்டதையும் கேட்டு, தேவையானால் தன் முடிவை மாற்றிக்கொள்கிறார்.

"நன்று", "மிக நன்று" என்ற சொற்களை இதில் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களை மட்டும் எழுதியிருக்கிறோம். பார்வையாளர்கள் குறிக்கும் அதே நேரத்தில், தேடிய மூவரும் தங்களுக்குத் தாங்களே ஒரு நிலை போட்டுக்கொள்ளட்டும். பிறகு மூன்று தாள்களையும் ஒப்பிடுங்கள். பார்வையாளர்கள் இருவரும் எங்கே வேறுபட்டார்கள்? தன்மதிப்பீடு எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது? வேறுபாடு வந்தால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். எந்த நிலையின் சொற்கள் தெளிவில்லை என்று பேசி, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். மறுவாரம் மீண்டும் செய்யுங்கள். குறித்த இடங்களின் பட்டியலை ஆசிரியரிடம் கொடுத்துத் தண்ணீரை அகற்றவும் மறவாதீர்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. நிப்பா நோய்க்கு முதலில் சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தாத மூன்று சான்றுகள் எவை?

2. "நான் நல்ல தலைவன்" என்ற கூற்றுக்கு 5 போட்ட மாணவரைப் பற்றி நமக்கு உறுதியாக என்ன தெரியும்? என்ன தெரியாது?

3. 10 மாணவர்களில் 4 பேருக்கு இரு ஆசிரியர்களும் தேர்ச்சி தந்தார்கள். 4 பேருக்கு இருவரும் மறுத்தார்கள். ஒருவருக்கு முதல் ஆசிரியர் மட்டும், இன்னொருவருக்கு இரண்டாமவர் மட்டும் தந்தார்கள். கப்பா எண் என்ன? இங்கும் ஒத்துப்போனது 80 விழுக்காடுதான். அப்படியிருக்க, மேலே கண்ட 0.52ஐவிட விடை ஏன் கூடுகிறது?

மூன்றாம் கேள்விக்கு விடை: 0.60. இங்கே ஒவ்வோர் ஆசிரியரும் பாதிப் பேருக்குத்தான் தேர்ச்சி தந்தார். ஆகவே தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.50 மட்டுமே. பெரும்பாலானவருக்குத் தேர்ச்சி தரும் இடத்தில் தற்செயல் இசைவு கூடும். அங்கே 80 விழுக்காட்டின் மதிப்பு குறைந்துவிடும்.